தொட்டில் துணியும் வண்ணார் துறையும்

பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தேடப்படும் பொருள் பழந்துணி. தாத்தாவின் பழைய வேட்டியும் பாட்டியின் நைந்த நூற்புடவையும் பெட்டியின் அடியிலிருந்து வெளிவருகின்றன. அவற்றைக் கிழித்து, ஓரம் மடித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி அடுக்கிவைப்பது நம் இல்லங்களில் வழிவழியாக நடந்துவரும் காரியம். புதுத்துணி குழந்தையின் தோலை உறுத்தும்; பல நூறு சலவை கண்ட துணியே பூப்போல் இருக்கும் என்பது பெரியோர் அநுபவம். வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் வீடுகளுக்குப் பேறுகாலம் பார்க்க வரும் பாட்டிமார், சுக்கும் மிளகும் கொண்டுவருவதுபோலவே இந்தத் துணி மூட்டையையும் ரெயிலில் சுமந்துவருவதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள்.

அந்த மூட்டைக்குப் போட்டியாக இன்று தெருமுனைக் கடையில் டயப்பர் தொங்குகிறது. ஒருமுறை கட்டிக் கழற்றி எறிந்துவிடுவது. இரண்டில் எதை வாங்குவது, எதற்கு எவ்வளவு செலவாகும் என்று இளந்தம்பதிகள் இரவில் அமர்ந்து கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் போடுவது நல்லதுதான். ஆனால் கடைக்காரரின் ரசீதில் ஏறாத மூன்று வினாக்கள் இதில் அடங்கியிருக்கின்றன. துணியைத் துவைப்பது யார்? துவைக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எறிந்தது எங்கே போய்ச் சேருகிறது? இம்மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை காண வேண்டுமானால் மேற்குக் கொச்சிக்குப் போகவேண்டும்.

கொச்சி நகரின் தென்மேற்கே, கிழக்கில் காயலும் மேற்கில் கடலோரச் சிற்றூர்களுமாக அமைந்த ஒடுங்கிய நிலப்பரப்பில் இருக்கிறது பள்ளுருத்தி. வடக்கே தோப்பும்படியும் அதற்கு அப்பால் மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் உள்ளன. 1967ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கொச்சி மாநகராட்சி அமைக்கப்பட்டபோது, அதுவரை தனிப் பஞ்சாயத்தாக இருந்த பள்ளுருத்தியும் அதனுடன் சேர்ந்தது. தனு மாதத்தின் கடைசி வியாழக்கிழமையன்று இங்குள்ள அழகிய காவின் அருகே புலவாணிபம் என்னும் சந்தை கூடும். கோவில் எல்லைக்குள் வரக்கூடாதென்று விலக்கப்பட்டிருந்த மக்கள் அந்த ஒருநாள் மட்டும் வந்து வாணிபம் செய்து வழிபடலாம் என்ற பழைய அநுமதியின் எச்சம் அது. பாய், மண்பாண்டம், கருவாடு முதலியவை இன்றும் அங்கே விற்கப்படுகின்றன. துணியும் தீட்டும் பற்றிப் பேசப் புகும்போது இந்தச் சந்தையை நினைவில் வைத்துக்கொள்வது பயன் தரும்.

பள்ளுருத்தியிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, கோட்டைக் கொச்சியில், வெளி என்ற இடம் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் அந்நியமாகப் படுவதில்லை. அங்கேதான் தோபிக்கானா எனப்படும் சலவைத் துறை அமைந்துள்ளது. அதில் உழைப்பவர்கள் தமிழர். வண்ணார் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். டச்சுக்காரர்கள் 1663இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொச்சிக் கோட்டையைப் பிடித்து 1795 வரை ஆண்டார்கள். அவர்களுடைய சிப்பாய்களின் சீருடைகளைத் துவைப்பதற்காக 1720ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டிலிருந்து தங்கள் முன்னோர் வரவழைக்கப்பட்டதாக இச்சமூகத்தார் சொல்லி வருகிறார்கள். டச்சுக்காரர் போயினர், ஆங்கிலேயர் வந்து, அவர்களும் போயினர். வண்ணார் மட்டும் போகவில்லை. முந்நூறு ஆண்டுகளாக அயலார் மொழி சூழ்ந்த ஊரில், வீட்டுக்குள் தமிழும் வெளியே மலையாளமுமாக வாழ்ந்துவருகிறார்கள். பம்பாய்க்கும் தில்லிக்கும் பிழைக்கப் போன தமிழர் பலருக்கு நூறு ஆண்டு வரலாறுகூட இல்லை என்பதை எண்ணினால், வெளிமாநிலத் தமிழருள் இவர்களை மூத்தோர் என்றே கொள்ளலாம்.

முற்காலத்தில் வெளிப் பகுதியின் குளங்களிலேயே அவர்கள் துவைத்தார்கள். 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதுள்ள கட்டடத்தை எழுப்பிக் கொடுத்தது. வண்ணார் சங்கம் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஏறத்தாழ நாற்பது துவைக்கும் அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு கல். கஞ்சி போடுவது அரிசி வடித்த நீரில். உலர்த்தும் திடலில் கயிறுகளைப் பார்க்கவேண்டும். இரண்டு தேங்காய்நார்ப் புரிகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் ஓரத்தை அந்த முறுக்கின் இடையே செருகிவிட்டால் கடற்காற்று எவ்வளவு வீசினாலும் பறக்காது. கவ்வி எதுவும் தேவையில்லை. கனத்த இஸ்திரிப் பெட்டிகளில் கரி எரிகிறது. விடுதிகளின் விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் அங்கே வெளுக்கப்படுகின்றன.

வெளுப்பதென்றால் அழுக்குப் போக்குவது என்றே இன்று நாம் பொருள் கொள்கிறோம். பழைய சமுதாயத்தில் அதற்கு மற்றொரு பொருளும் இருந்தது. பிள்ளைப்பேறும் மாதவிலக்கும் தீட்டு என்று கருதப்பட்ட காலத்தில், அந்தத் தீட்டை நீக்கும் வல்லமை வண்ணார் வீட்டுப் பெண்மணி கொண்டுவரும் வெளுத்த துணிக்கே உண்டு என்று நம்பினார்கள். அதற்கு ‘மாற்று’ என்று பெயர். மலபாரில் ‘வண்ணாத்திமாற்று’ என்பார்கள். குறித்த நாளில் அவள் கொணர்ந்த மாற்றை உடுத்தினால்தான் பிள்ளை பெற்றவள் அடுக்களைக்குள் நுழையலாம்; கோவிலுக்குப் போகலாம். 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய நூலில் இவ்வழக்கம் பதிவாகியிருக்கிறது.

மாற்று என்பது வெறும் உதவியாக இல்லை. அதிகாரத்தின் கருவியாகவும் ஆயிற்று. குடியானவன் ஒருவன் தமக்குப் பணியவில்லை என்று ஜன்மிக்குத் தோன்றினால், அவனுக்கு க்ஷவரமும் மாற்றும் விலக்கப்படும். நாவிதரும் வண்ணாரும் அவன் வாயிலை மிதிக்கக் கூடாது. அவனுடைய மனைவி பிள்ளை பெற்றிருந்தால் அவள் தீட்டு நீங்காமலே கிடப்பாள். ஒரு துணுக்குத் துணியைக் கொண்டு ஒரு குடும்பத்தை ஊரைவிட்டே தள்ளிவைக்க முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வட மலபாரின் விவசாயிகள் திரண்டெழுந்தபோது அவர்களுடைய மனக்குறைகளில் இதுவும் ஒன்று.

இதில் நான் கவனிக்க வேண்டுவது வேறொன்று. ஊரார் தீட்டையெல்லாம் போக்கிய அந்த மாதரசியைத் தீண்டத்தக்கவளாக ஊர் ஏற்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வண்ணார்க்குக் கூலியென்று பணம் கிடைத்தது அருமை. களத்துமேட்டில் அளக்கும் நெல்லும் அந்திநேரத்தில் வீடுவீடாக எடுக்கும் சோறுமே அவர்களுக்கு ஊதியம். குழந்தைத் துணி மலிவாக இருந்ததென்று நாம் பெருமூச்சு விடும் அந்தக் காலத்தில், அது மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம் துவைத்தவருக்கு உரிய கூலி கொடுக்கப்படாததே. கொச்சியின் தோபிக்கானாவில் உழைப்பவர் இன்று தம் விலையைத் தாமே சொல்கிறார். அது சிறிய மாறுதல் அன்று.

மாற்று வழக்கம் ஒழிந்தபின் குழந்தைத் துணி யார் கைக்கு வந்தது? ஐயமே வேண்டாம், தாயின் கைக்கும் பாட்டியின் கைக்கும் வந்தது. அமெரிக்காவிலும் அதே கதைதான். அங்கே 1849இல் வால்ட்டர் ஹன்ட் என்பவர் சேப்டி பின் என்னும் ஊக்குக்கு உரிமம் பெற்றதிலிருந்து, முக்கோணமாக மடித்த துணியை ஊக்கால் செருகுவது எளிதாயிற்று. துவைக்கும் வேலை எளிதாகவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், மாரியன் டோனவன் என்ற இளந்தாய் தம் குளியலறைத் திரையை வெட்டி, துணியின்மேல் அணிவிக்கும் ஈரம் கசியாத உறையொன்றைத் தைத்தார். 1949இல் அது நியூயார்க்கின் பெரிய கடையொன்றில் விற்பனைக்கு வந்தது. 1951இல் உரிமம் கிடைத்தது. பத்து லட்சம் டாலருக்கு அதை விற்றார். பின்னர் காகிதத்தாலேயே டயப்பர் செய்யலாம் என்று அவர் உற்பத்தியாளரிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. துவைக்கும் பெண்ணின் கை வலி, தீர்மானம் செய்யும் ஆண்களின் கணக்கில் வராமல் போனதே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சில ஆண்டுகளில் அந்த எண்ணம் வேறொரு வாயிலாக நுழைந்தது. பிராக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தின் இரசாயனப் பொறியாளர் விக்டர் மில்ஸ் பாட்டனாராகிவிட்டார். பேரக்குழந்தையின் துணியை மாற்றும் பணி தம் தலையில் விழுந்தபோதுதான் அதன் அருமை அவருக்கு விளங்கிற்றாம்! 1956 முதல் அவர் தூண்டுதலால் ஆராய்ச்சி நடந்தது. 1961இல் பாம்பர்ஸ் என்ற பெயரில் இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் வெள்ளோட்டம் விட்டார்கள். தாய்மார்க்குப் பொருள் பிடித்திருந்தது, விலை பிடிக்கவில்லை. ஒன்று பத்து சென்ட். வீட்டில் துவைத்தால் ஒரு துணிக்கு அதில் சிறு பகுதியே ஆகும். உற்பத்தி முறையைச் செப்பனிட்டு விலையை ஆறு சென்ட் அளவுக்கு இறக்கிய பிறகே விற்பனை சூடுபிடித்தது. உலகின் மிகச் செல்வமான நாட்டிலேயே குடும்பத் தலைவி சென்ட் சென்டாக எண்ணித்தான் டயப்பரை ஏற்றுக்கொண்டாள் என்பதை நம் நாட்டுத் தாய்மார் அறிந்தால், தாம் கணக்குப் பார்ப்பதற்காக நாணவேண்டியதில்லை.

1980களில் மற்றொரு மாறுதல் வந்தது. சோடியம் பாலியாக்ரிலேட் என்னும் வெண்மையான பொடியை மரக்கூழோடு கலந்தார்கள். அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக்கிப் பிடித்துவைக்கும். அதனால் டயப்பர் மெலிந்தது; குழந்தை இரவு முழுவதும் நனையாமல் உறங்கிற்று. இந்தியாவுக்கு 1990களின் நடுவில் ஹக்கீஸும் 2006இல் பாம்பர்ஸும் வந்தன. முதலில் பெட்டி பெட்டியாக விற்றார்கள். பிறகு நம் கடைத்தெருவின் இயல்பறிந்து இரண்டும் ஐந்துமாகச் சிறு பொட்டலம் கட்டி மாலைபோலத் தொங்கவிட்டார்கள். அன்றன்று கூலி பெறுவோர் வீட்டுக்குள் டயப்பர் புகுந்தது அந்தச் சிறு பொட்டலத்தின் வழியேதான்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். விலை ஊருக்கு ஊர், அளவுக்கு அளவு வேறுபடும். ஆகவே டயப்பர் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். நேயர்கள் தத்தம் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். நாளைக்கு ஆறு என்றால் 60 ரூபாய், மாதம் 1800, இரண்டு ஆண்டுக்கு 43,200 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயப்பருக்கான சரக்கு சேவை வரி பன்னிரண்டு சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அந்த ஆதாயத்தை வணிகர் முழுதும் நமக்கே விட்டுக்கொடுத்தாலும் மாதம் 1800 ரூபாய்ச் செலவில் நூற்றுப்பன்னிரண்டு ரூபாய்தான் மிஞ்சும்.

துணியில் நாளைக்குப் பன்னிரண்டு தேவைப்படும். துணி ஒருமுறை நனைந்தாலே மாற்றவேண்டும் அல்லவா? நாற்பத்தெட்டுத் துணியை நாற்பது ரூபாய் வீதம் வாங்கினால் 1920 ரூபாய். தாத்தாவின் வேட்டி கிடைத்தால் அதுவும் இல்லை. பன்னிரண்டு துணியைக் கையால் துவைத்து இருமுறை அலச, வாளிக்குப் பதினைந்து லிட்டராக ஐந்து வாளித் தண்ணீர் என்று கொள்வோம். மாதம் 2250 லிட்டர் ஆகிறது. கேரள நீர் ஆணையம் 2023 பிப்ரவரியில் கட்டணத்தை லிட்டருக்கு ஒரு காசு உயர்த்தியது. குறைந்த அளவு உபயோகிக்கும் வீட்டுக்கு ஆயிரம் லிட்டர் 4 ரூபாய் 41 காசிலிருந்து 14 ரூபாய் 41 காசாயிற்று. மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது என்று கேட்டால் திகைப்பு உண்டாகிறது. ஆனாலும் குழந்தைத் துணிக்கான தண்ணீர்ச் செலவு மாதம் பத்து ரூபாயிலிருந்து முப்பத்திரண்டாகத்தான் ஏறிற்று. சோப்புக்கு இருநூறு சேர்த்து, மொத்தம் மாதம் 250 என்று தாராளமாகவே வைப்போம். இரண்டு ஆண்டில் 6000. துணி விலையோடு 7920 ரூபாய்.

வித்தியாசம் 35,280 ரூபாய். துணிதான் வென்றது என்று கணக்குப் புத்தகத்தை மூடிவிடலாமா? மூடலாகாது. ஊறவைத்து, துவைத்து, அலசி, உலர்த்தி, மடிக்க நாள்தோறும் முக்கால் மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டில் 540 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் அறுபத்தேழரை நாள் வேலை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டுக்குக் கேரளத்துக்கு விதித்த நாட்கூலி 369 ரூபாய். அந்தக் கூலியின்படி துவைத்த உழைப்பின் மதிப்பு ஏறத்தாழ 24,900 ரூபாய். அதைக் கழித்தாலும் துணி பத்தாயிரம் ரூபாய் முன்னால் நிற்கிறது. வேறு விதமாகச் சொன்னால், துணி துவைக்கும் தாய் மணிக்கு அறுபத்தைந்து ரூபாய் வீட்டுக்குச் சம்பாதித்துத் தருகிறாள். தையலோ கணக்கு வேலையோ செய்து மணிக்கு அதற்குமேல் ஈட்டக்கூடியவளைத் துவைக்கச் சொல்வது குடும்பத்துக்கே நஷ்டம். அப்படி ஈட்ட வாய்ப்பில்லாதவள் துவைத்தால் குடும்பத்துக்கு லாபம். ஆனால் அந்த 24,900 ரூபாயை அவள் கையில் யார் கொடுக்கிறார்கள்? முன்பு வண்ணாருக்குக் கொடாமல் விட்ட கூலியையே இப்போது தாய்க்குக் கொடாமல் விடுகிறோம். வீட்டுக்கார ஆண்மகன் பாதி நாள் துவைத்தால் கணக்கு நேராகும். அதற்கு எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை.

இவ்வளவும் குழாயில் தண்ணீர் வந்தால். மேற்குக் கொச்சியின் துயரம் அங்கேதான் ஆரம்பமாகிறது. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம். கிணறு தோண்டினால் உவர்நீர். பழங்காலத்தில் ஆலுவாயிலிருந்து பெரியாற்று நீரை வள்ளங்களில் ஏற்றி வந்து குடித்தார்கள். குழாய் நீர் வந்தது பிற்பாடு. இப்போது பிறவத்தை அடுத்த பாழூரில் மூவாற்றுப்புழை நதியிலிருந்து இறைக்கும் நீர், மரடுவில் சுத்திகரிக்கப்பட்டு மேற்குக் கொச்சிக்கு வருகிறது. 2023 ஜனவரி இறுதியில் பாழூர் நிலையத்தின் மூன்று பம்புகளில் இரண்டு பழுதடைந்தன. மார்ச்சு வரை வாரக்கணக்கில் பள்ளுருத்தி முதலிய பகுதிகளில் குழாய் வறண்டது. தண்ணீர் லாரியின் பின்னால் குடங்கள் வரிசை நின்றன. லிட்டர் ஒரு காசுக்கு ஏற்றம் என்று ஆணை வந்ததும் அதே வாரங்களில்தான்! குடிக்க ஒரு குடம் கிடைப்பதே பெரிதென்று இருக்கும்போது, குழந்தைத் துணிக்கு ஐந்து வாளி எங்கே போவது? பாட்டியின் மூட்டையை மதித்தவர்களும் அப்போது டயப்பர் வாங்கினால் அவர்களைக் குறைசொல்ல நாம் யார்?

துணியைக் கைவிட்டவர்களுக்கு அடுத்த அடி விழ அதிக நாள் ஆகவில்லை. 2023 மார்ச்சு 2ஆம் தேதி, நகரின் கிழக்கேயுள்ள பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பற்றியது. ஆண்டுக்கணக்கில் குவிந்த பிளாஸ்டிக் மலை பன்னிரண்டு நாள் புகைந்தது. வெளியே வராதீர்கள், முகக்கவசம் அணியுங்கள் என்று கொச்சி மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மார்ச்சு 17ஆம் தேதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு நூறு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டயப்பர் என்பது எண்ணெயிலிருந்து வரும் பிளாஸ்டிக் படலமும் மரக்கூழும் அந்த உறிஞ்சும் பொடியும் சேர்ந்த பொருள். அது மக்காது, ஈரமாக இருப்பதால் எளிதில் எரியவும் எரியாது. ஒரே ஊரில், ஒரே பருவத்தில், துணிக்கு வேண்டிய தண்ணீரும் இல்லை, டயப்பருக்கு வேண்டிய குப்பை வழியும் இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டில் எதைத் தேர்வது என்ற வினாவுக்குத் தாயாரைவிட மாநகராட்சியே விடை சொல்லவேண்டியிருக்கிறது என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

அதன்பின் கொச்சியில் டயப்பரைத் தனியாக வாங்கிச் சென்று சூளையில் எரிக்கும் ஏற்பாடு ஏற்பட்டது. கிலோ கணக்கில் கட்டணம் கட்டவேண்டும். ஈரமான டயப்பரில் பெரும்பாலான எடை குழந்தையின் சிறுநீரே ஆகையால், நாம் தண்ணீருக்குக் கொடுக்கும் விலையைவிட அதை எரிப்பதற்குக் கொடுக்கும் விலை அதிகமாகி விடுகிறது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயப்பரைச் சுற்றி எறிய உறை ஒன்றை உற்பத்தியாளரே கொடுக்கவேண்டும் என்றன. அந்த உறையைக் கண்ட தாய்மார் எத்தனை பேர்? புனேயில் குப்பை பொறுக்கும் பெண்களின் கூட்டுறவான ஸ்வச் அமைப்பினர், உபயோகித்த அணையாடைகளை 2013இல் உற்பத்தி நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு, காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளியிட்டுத் தாருங்கள், நாங்கள் கையால் பிரித்துப் பார்க்கும் அவலமாவது நீங்கட்டும் என்று வீட்டாரைக் கேட்டுக்கொண்டார்கள். புனேவாழ் தமிழர்கள் மட்டுமின்றி எவ்வூரார் ஆயினும் கைக்கொள்ளத்தக்க வழக்கம் அது. பழைய வண்ணாத்தியின் வேலையில் ஒரு பகுதி இன்று அந்தக் குப்பைப் பெண்ணின் தலையில் ஏறியிருக்கிறது. பெயர் மட்டுமே மாறியிருக்கிறது.

உலகுக்கு எது கேடு குறைவு என்று இங்கிலாந்து அரசினர் பலமுறை ஆராய்ந்தார்கள். 2008இல் வெளியான அறிக்கையில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டில் டயப்பரால் ஏற்படும் கரிவாயு 550 கிலோ என்றும் துணியால் 570 கிலோ என்றும் கண்டது. ஏறக்குறைய சமம் என்று டயப்பர் விற்பவர் மகிழ்ந்தனர். ஆனால் அந்த 570இல் பெரும்பங்கு வெந்நீரில் இயந்திரச் சலவை செய்து, மின்சார உலர்த்தியில் காயவைப்பதால் வந்தது. கொடியில் உலர்த்தி, ஒரே தடவையில் நிறையத் துவைத்தால் வெகுவாகக் குறையும் என்று அதே அறிக்கை கூறிற்று. 2023இல் மறுபடி ஆராய்ந்தபோது துணியால் வரும் கரிவாயு கால் பங்கு குறைவு என்று தெரியவந்தது. குளிர்ந்த நீரில் கையால் துவைத்து நார்க்கயிற்றில் காயவைக்கும் கொச்சிக் குடும்பத்துக்கு வித்தியாசம் இன்னும் பெரிதாகவே இருக்கும் என்று ஊகிக்கலாம்.

குழந்தையின் தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நல்ல டயப்பர் ஈரத்தை விலக்கிவைக்கிறது. அதனாலேயே அதை நெடுநேரம் மாற்றாமல் விட்டுவிடும் ஆசையும் எழுகிறது. துணி நனைந்ததும் குழந்தை அழும், தாய் மாற்றுவாள். சோப்பு போக அலசாத துணியாலும் புண் வரும், ஆறு மணி நேரம் கழற்றாத டயப்பராலும் புண் வரும்.

நம் பாட்டிமாரிடம் மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. தரையில் கால் நீட்டி அமர்ந்து, இரு பாதங்களையும் இருக்கைபோல் சேர்த்து, அதன்மேல் குழந்தையை உட்காரவைத்து ‘உஸ்’ என்று ஓசை எழுப்புவார்கள். காலையில் எழுந்ததும், பால் குடித்ததும், குளிப்பதற்கு முன்னும் இப்படிச் செய்வதால் சில மாதத்திலேயே குழந்தைக்கு நேரம் பழகிவிடும். பன்னிரண்டு துணி ஏழோ எட்டோ ஆகிவிடும். வீட்டில் பாட்டி இருந்தால் இது இயலும். அடுக்குமாடியில் தனியே இருக்கும் தாய்க்கு ஓரளவுதான் இயலும். பகலில் துணி, இரவில் ஒரே ஒரு டயப்பர், வெளியூர்ப் பயணத்தில் மட்டும் கூடுதலாக ஒன்றிரண்டு என்ற முறையைப் பலர் இக்காலத்தில் கையாள்கிறார்கள். மேலே சொன்ன விலையில் மாதம் 550 ரூபாய்க்குள் அது அடங்கும். நாளைக்கு ஒன்று என்றால் மாதம் முப்பது டயப்பரே குப்பைக்குப் போகின்றன, நூற்றெண்பது அல்ல.

துணியே என்று தீர்மானிப்பவர்களுக்கு எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலோ மதுரையிலோ காலையில் போட்ட துணி மதியத்துக்குள் சருகாகிவிடும். இருபத்துநான்கு இருந்தால் காலம் தள்ளலாம். கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூனில் தொடங்கினால் துணி மூன்று நாள் கொடியிலேயே ஈரமாகத் தொங்கும். தோபிக்கானாவின் வண்ணார்களே அந்த மாதங்களில் வானத்தைப் பார்த்துத்தான் துணியை வெளியே எடுக்கிறார்கள். அடுப்பங்கரையில் குறுக்கே கயிறு கட்டியும், தணலின்மேல் கூடையைக் கவிழ்த்துப் பரப்பியும் சமாளிப்பார்கள் முன்னோர். வைகாசிக்குள் பிறந்த பிள்ளைக்கு முப்பத்தாறு துணி போதும். இடவப்பாதி மழையில் பிறக்கும் பிள்ளைக்கு, தாத்தாவிடம் இன்னும் இரண்டு வேட்டி கேட்டு வாங்கி, நாற்பத்தெட்டாகக் கிழித்துவைத்துக்கொள்வதே உசிதம்.